அம்மாவோட மறதி குறைஞ்ச கதை, சுகர் இருக்கறவங்க வீட்ல படிங்க

அம்மாவுக்கு 66 வயசு, சுகர் வந்து 12 வருஷம் ஆச்சு. போன வருஷம் மறதி ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு, அடுப்புல பால வெச்சுட்டு மறந்துடுவாங்க, சொன்னதையே திரும்ப திரும்ப சொல்வாங்க, ஒரு நாள் பேரன் பேரே வரல, எனக்கு நெஞ்சே அடைச்சு போச்சு. வயசானா அப்படித்தான்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல.

டாக்டர் கால் மரத்துப் போகுதான்னு கேட்டுட்டு வைட்டமின் பி12 டெஸ்ட் எழுதினார், பாத்தா 148 தான், 200க்கு கீழ இருந்தாலே குறைபாடாம், அதனால கால் மரத்துப் போறதும் மறதியும் வரலாமாம். அம்மா சாப்பிடற சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், அத வருஷக்கணக்கா சாப்பிட்டா உடம்பு பி12 எடுத்துக்கறது குறையும், நாங்க சைவம் வேற. ஊசி போட்டு அப்புறம் மாத்திரை.

இன்னொன்னும் இருந்துச்சு. விடியக்காலைல வேர்த்து விறுவிறுத்து சம்பந்தமில்லாம பேசினாங்க, உடனே மீட்டர்ல பாத்தேன், 58! மூளைக்கு முக்கியமான எரிபொருளே குளுக்கோஸ்தான், 70க்கு கீழ போனாலே லோ சுகர். சர்க்கரை தண்ணி குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாத்தேன், ஏறிடுச்சு. சுகர இறக்கற இன்னொரு மாத்திரை கிளிமெபிரைடு, அதோட டோஸ டாக்டரே குறைச்சார், நீங்களா எதையும் நிறுத்தவோ குறைக்கவோ செய்யாதீங்க.

நாலு மாசம் ஆச்சு. முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பால் பொங்கறதுக்குள்ள அவங்களே போய் அணைக்கறாங்க, பேரன பேர் சொல்லி கூப்பிடறாங்க.