ரத்தக் குழாயை மறந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் பார்ப்பதா?

பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை என்றால், நீரிழிவு உள்ள என் பெரியப்பா ஒரு வாரம் முன்பே மாறிவிடுவார். உணவங்காடியில் பரோட்டா கிடையாது, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் மட்டும்தான். எண் நன்றாக வந்தால் அன்று மாலையே தேக்காவில் ஜிலேபி. ஆனால் அந்தப் பரிசோதனையில் பார்க்கும் எச்பிஏ1சி என்ற அளவு சொல்வது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியை. ஒரு வாரப் பத்தியத்துக்கு அது அவ்வளவாக அசையாது. ரத்தக் குழாய்களோ அதற்கும் மசியாது.

குழாய் என்றால் வெறும் பைப் இல்லை. அதன் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனுக்கு ஒரு படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி ரத்தத்துக்கு வழிவிடும். (இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது.) சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் இந்தச் சுரப்பு குறைந்து, குழாய் விறைக்கிறது, கொழுப்பு படிகிறது. கண், சிறுநீரகம், நரம்புக்குப் போகும் மயிரிழைக் குழாய்களும் கெடுகின்றன.

"சர்க்கரைதான் கட்டுக்குள்ள இருக்கே, பிரஷர் மாத்திரை எதுக்கு?" என்று தாமாகவே நிறுத்துகிறவர்கள் நிறைய. ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் தாக்குவது அதே படலத்தைத்தான். சிகரெட்டும் அப்படியே. பார்வை தெளிவாக இருக்கிறதே என்று விழித்திரைப் படம் எடுக்காமல் தள்ளிப்போடுவதும் தவறு. பாதிப்பு முற்றும்வரை பார்வை மங்காமலே இருக்கலாம்.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் வயசு என்று தைலம் தேய்க்காதீர்கள். காலுக்குப் போகும் குழாய் குறுகியிருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது வலிக்காத கால்தான். நரம்புக்கும் சோறு போடுவது நுண்குழாய்களே. அவை கெட்டால் நரம்பு மரத்துப்போகும். ஒரு ஞாயிறு உச்சிவெயிலில் பெரியப்பா கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு மூன்று சுற்று சுற்றினார். சுடுகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் வீட்டுத் தரையில் ஈரத் தடம் பார்த்துத்தான் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருப்பது பெரியம்மாவுக்குத் தெரிந்தது. ரத்தம் சரியாகப் போகாத கால் என்பதால், அது ஆறவே வாரக்கணக்கானது.

இப்போது கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுகிறார். கால் ஆணியை பிளேடால் சீவும் பழக்கத்துக்கும் தடை. தினமும் படுக்கும்முன் பெரியம்மா டார்ச் அடித்து, விரலிடுக்குவரை பார்க்கிறார். அவர் ஊருக்குப் போன நாட்களில் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பெரியப்பாவே பார்த்துக்கொள்கிறார்.