ஒர்க்-ஸ்டடி மாணவர்களை வேலைக்கு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் செமஸ்டர் தொடங்கினால் நூலகம், ஆய்வகம், துறை அலுவலகம் எங்கும் புது மாணவர்கள் வேலைக்கு வந்து உட்காருகிறார்கள். அவர்களை மேய்க்கப் புது சூப்பர்வைசர்களும் வருகிறார்கள். தவறுகள் மட்டும் பழையவை. மணிக்கணக்கைத் தப்பாகக் கூட்டுவது, கையெழுத்தை மறப்பது போன்றவற்றை பே-ரோல் ஆபீஸே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். கீழே இருப்பவை அப்படிப் பிடிபடாதவை.

ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி, பண உதவி தேவைப்படும் மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுக்க 1964-ல் தொடங்கிய அமெரிக்க அரசுத் திட்டம். பொதுவாக மாணவர் சம்பளத்தில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும், மீதி கல்லூரியின் பங்கு. மாணவர் வேலை பார்த்த மணிக்குச் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும் என்பது தொழிலாளர் சட்டம். அதை அரசுப் பணத்திலிருந்து கொடுக்கலாமா என்பது நிதி விதி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

வகுப்பு நேரத்தில் வேலை

மாணவருக்கு வகுப்பு இருக்கும் நேரத்து வேலைக்கு ஒர்க்-ஸ்டடிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. அதிகப் பணத்தை விழுங்குவது இதுதான். ஒரு மாணவிக்குச் செவ்வாய், வியாழன் காலை 10 மணி முதல் 11:15 வரை வகுப்பு. டைம்ஷீட்டில் அதே இரண்டு நாளும் 9 முதல் 12 வரை வேலை என்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் இடிக்கிறது. 15 வாரத்தில் 37.5 மணி. மணிக்கு 15 டாலர் என்றால் 562.50 டாலர், அதில் அரசின் பங்கு ஏறக்குறைய 422. ஒரு மாணவியோடு போனால் பரவாயில்லை. ஒரே துறையில் 40 பேர் இப்படி இருந்தால் 16,875 டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும். மாணவியிடம் கொடுத்த சம்பளத்தைப் பிடுங்க முடியாது, அவள் உண்மையிலேயே வேலை பார்த்திருக்கிறாள். அந்தத் தொகை கல்லூரியின் சொந்தப் பணத்திலிருந்துதான் போகும்.

ஆடிட்டருக்கு இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு கையில் வகுப்பு அட்டவணை, இன்னொரு கையில் டைம்ஷீட்.

“அந்தப் பேராசிரியர் அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை”, “லெக்சர் ரெக்கார்டிங் இருக்கிறது, இரவில் பார்த்துக்கொள்வான்” என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் யாராவது சொல்கிறார்கள். இரண்டுமே விதிவிலக்கு அல்ல. அந்த நாள் வகுப்பு ரத்தானால், ஆசிரியரே அந்த நாள் வர வேண்டாம் என்று அனுமதித்தால், அல்லது அந்த வேலையே கிரெடிட் கிடைக்கும் இன்டர்ன்ஷிப்பாக இருந்தால் மட்டும்தான் வகுப்பு நேரத்தில் வேலை பார்க்கலாம். அதற்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். ரத்து என்று ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சலை அதே வாரம் டைம்ஷீட்டோடு சேர்த்து வையுங்கள். எட்டு மாதம் கழித்து யாருக்கும் அது கிடைக்காது.

ஷிஃப்ட் போடும் முன் மாணவரின் அட்டவணையை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் லேப், டிஸ்கஷன் வகுப்புகளை மறந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை லேப் விட்டுப்போவது சர்வசாதாரணம். ஆட்-டிராப் கெடு, அதாவது வகுப்புகளைச் சேர்க்கவும் விடவும் உள்ள கடைசி நாள், முடிந்ததும் அட்டவணையை மறுபடி வாங்க வேண்டும். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பாதிப் பேர் பிரிவு மாறியிருப்பார்கள். வகுப்புக்கும் ஷிஃப்ட்டுக்கும் நடுவே 15 நிமிடமாவது விடுங்கள். டைம்ஷீட்டில் “இன்று 3 மணி நேரம்” என்று மொத்தமாக எழுதவிடாமல், வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். மொத்தம் மட்டும் இருந்தால் வகுப்போடு இடிக்கவில்லை என்று உங்களால் காட்டவே முடியாது.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு இருபது டைம்ஷீட்டை வரிசையாக அப்ரூவ் செய்வது வேகமான வேலைதான். ஆனால் அந்தக் கையெழுத்து, மாணவர் அந்த நேரத்தில் வேலை பார்த்தார் என்று நீங்கள் அரசுக்குக் கொடுக்கும் உறுதிமொழி. தெரியாததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒதுக்கீடு தீர்ந்தது தெரியாமல் இருப்பது

ஒரு மாணவருக்கு ஒர்க்-ஸ்டடியில் 3,000 டாலர் ஒதுக்கீடு, மணிக்கு 15 டாலர் என்றால் மொத்தம் 200 மணி. 16 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் பன்னிரண்டரை. வாரம் 20 மணி போட்டால் பத்தாவது வாரம் பணம் முடிந்துவிடும். அதற்கு மேல் வேலை வாங்கினால் முழுச் சம்பளமும் துறையின் தலையில் விழும். நடுவில் புது ஸ்காலர்ஷிப் வந்தாலும் மாணவரின் தேவைத்தொகை, அதாவது படிப்புச் செலவுக்கு இன்னும் உதவி தேவைப்படும் தொகை, குறையும். உதவித்தொகை மொத்தம் அந்தத் தேவையை 300 டாலருக்கு மேல் தாண்டியதும் ஒர்க்-ஸ்டடிப் பணத்தை நிறுத்தியாக வேண்டும். ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸிடம் மாதம் ஒருமுறை மீதித்தொகை கேளுங்கள்.

எஃப்-1 மாணவர்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒர்க்-ஸ்டடி கிடையாது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் மாணவர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். வளாகத்திலேயே வேலை பார்க்கலாம், செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணிவரை. சம்பளம் கல்லூரியின் வேறு நிதியிலிருந்து வர வேண்டும்.

சம்பளம் வேண்டாம் என்று மாணவரே சொன்னால்

சொன்னாலும் கொடுக்க வேண்டும்.

பேராசிரியரின் சொந்த வேலை

கல்லூரி ஆராய்ச்சிக்கு உதவலாம். அவருடைய தனிப்பட்ட கன்சல்டிங்குக்குக் கூடாது. நிரந்தர ஊழியரை விலக்கிவிட்டு அவர் இடத்தில் மாணவரை வைப்பதும் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் கடமைகள், சம்பள விகிதம், சூப்பர்வைசர் யார் என்பதெல்லாம் எழுதிய விவரக்குறிப்பு இருந்தால் இந்தச் சச்சரவு வராது.

கோடை

கோடையில் வகுப்பில் சேராத மாணவரும், அடுத்த செமஸ்டருக்குத் திரும்புவதாக இருந்தால், ஒர்க்-ஸ்டடியில் வேலை பார்க்கலாம். ஆனால் படிக்கும் காலத்தில் இல்லாத சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிப் பிடித்தம் அப்போது வந்துவிடும், ஆகவே சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒர்க்-ஸ்டடியின் ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அந்த வாரத்து டைம்ஷீட் இரண்டு ஆண்டிலும் கால் வைத்து நிற்கும் என்பதால், ஜூன் மணிகளையும் ஜூலை மணிகளையும் தனித்தனியாகப் பதியுங்கள்.