ஒரு டம்ளர் பாசிப்பருப்பில் கடப்பாவும் அசோகாவும்

எங்கள் பாபநாசம் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே, நெல் நிற்கும்போதே ஈர வயலில் பச்சைப்பயறு தெளித்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனி வாக்கில் அது வீட்டுக்கு வந்து சேரும். உடைத்துப் புடைத்துப் பாசிப்பருப்பாக டப்பாவில் போட்டுவைத்தால் அந்த வருஷம் எனக்குக் கவலை இல்லை.

அண்ணன் மகள் கும்பகோணத்தில் வேலை கிடைத்து, மூன்று தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். "அத்தை, ஒரே குக்கர், ஒத்தை அடுப்பு. ஞாயித்துக்கிழமைக்கு நல்லதா ஏதாவது சொல்லுங்க" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்: இட்லிக்குக் குருமா மாதிரி ஊற்றிக்கொள்ளக் கடப்பா, இனிப்புக்கு அசோகா அல்வா. நாலு பேருக்கு அளவு சரியாக இருக்கும்.

ஒரு டம்ளர் பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுங்கள். சிவக்க விடாதீர்கள். கழுவி, இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். மேல் தட்டில் இரண்டு உருளைக்கிழங்கு. நாலு விசில் போதும். வெந்த பருப்பைச் சூட்டோடு மசித்து இரண்டு பங்காக்குங்கள்.

ஒரு பங்கு கடப்பாவுக்கு. தேங்காய்த் துருவல் மூன்று கரண்டி, பொட்டுக்கடலை ஒரு கரண்டி, சோம்பு ஒரு சின்னக் கரண்டி, பச்சை மிளகாய் நாலு, பூண்டு இரண்டு பல், எல்லாவற்றையும் நைசாக அரையுங்கள். கசகசா விற்கிற விலைக்கு அது வேண்டாம். பொட்டுக்கடலையே கெட்டி கொடுத்துவிடும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, பெரிய வெங்காயம் ஒன்றை வதக்கி, உதிர்த்த கிழங்கு, பருப்பு, அரைத்த விழுது, உப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்துப் பச்சை வாசம் போகக் கொதிக்க விடுங்கள். சாம்பார்ப் பொடி போட்டால் அது கடப்பாவே இல்லை. இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவுங்கள். இட்லி மூழ்குகிற அளவுக்குத் தளர்வாக இருக்கவேண்டும்.

அடுத்த பங்கு அசோகா. திருவையாற்றுப் பக்கம் போனால் இதை வாங்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள். வீட்டில் செய்ய ஜீனி ஒரு டம்ளர், நெய் அரை டம்ளர், கோதுமை மாவு இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் இரண்டு. நெய் கட்டுப்படி ஆகாதென்றால் பாதி ரீஃபைண்ட் எண்ணெய் கலந்துகொள்ளலாம், ஆனால் கடைசிக் கரண்டி மட்டும் நெய்யாக இருக்கட்டும், வாசம் அதில்தான் நிற்கும். ரேஷன் ஜீனியே போதும்.

அடி கனமான வாணலியில் இரண்டு கரண்டி நெய் விட்டு முந்திரி நாலைந்தைப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவையுங்கள். அதே நெய்யில் மாவைப் போட்டு, சின்னத் தீயில், கைவிடாமல் வறுங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது. மாவு பச்சையாக இருந்தால் பிறகு எத்தனை ஏலக்காய் போட்டாலும் அந்த வாசம் தெரியும். பிறகு பருப்பு மசியலைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறுங்கள். பருப்பு குழைய வெந்திருக்கிறதா என்று இங்கேயே விரலால் நசுக்கிப் பாருங்கள், ஏனென்றால் ஜீனி சேர்ந்துவிட்டால் அதற்குமேல் வேகாது. நான் கல்யாணமான புதிதில் அரைவேக்காட்டுப் பருப்பில் ஜீனியைக் கொட்டி, கிளறிக் கிளறித் தோள் வலித்ததுதான் மிச்சம். பருப்பு நறுக்கு நறுக்கென்றே இருந்தது.

சரி, ஜீனி போட்டதும் எல்லாம் இளகித் தண்ணீராகும். பயப்படாதீர்கள். ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கொஞ்சம் பாலில் கரைத்து விட்டு, மீதி நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். பதினைந்து நிமிஷத்தில் வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும், ஓரத்தில் நெய் கசியும். கரண்டியிலிருந்து மெதுவாக வழுக்கி விழுகிற பதத்திலேயே இறக்குங்கள், ஆறினால் இறுகும். ஏலப்பொடியும் முந்திரியும் அப்புறம்.

மறுநாள் கெட்டியாகிவிட்டால் இரண்டு கரண்டி பால் தெளித்துச் சின்னத் தீயில் ஒரு கிளறு கிளறினால் பழையபடி இளகிவிடும்.