காவற்கப்பல் ஒன்றின் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்களுள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸைப் பலரும் அறிவர். அன்றே மூழ்கிய ஹொலிஹொக் என்ற சிறிய காவற்கப்பலும் அதே கவனத்துக்கு உரியது. அதன் வரலாற்றை எழுத விரும்புவோர், பெயருடன் கே 64 என்ற அடையாள எண்ணையும் சேர்த்தே தேட வேண்டும். ஏனெனில் ஒரே பெயர் வெவ்வேறு காலங்களில் வேறு கப்பல்களுக்கும் சூட்டப்படுவதுண்டு.

அடுத்து, கப்பலின் வகையை ஆராயுங்கள். ஹொலிஹொக் போலப் பூக்களின் பெயர்களைத் தாங்கிய, கோர்வெட்டுகள் எனப்படும் இந்தச் சிறிய காவற்கப்பல்கள் திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவமைப்பைத் தழுவியவை. போருக்குப் பின் சில அந்த வேட்டைக்கே திரும்பின, வேறு சில வானிலை அவதானிப்புக்குச் சென்றன. ஹொலிஹொக்குக்குக் கிடைக்காத அந்த இரண்டாம் வாழ்வை அறிய, அதே வகையைச் சேர்ந்த கனடாவின் சாக்வில்லைப் பின்தொடருங்கள்: அத்திலாந்திக்கில் வணிகக் கப்பற்தொடர்களைக் காத்து, பின்னர் கடலாய்வுக் கப்பலாகி, 1982 வரை உழைத்த அது இன்று ஹலிபக்ஸில் அருங்காட்சியகமாக நிற்கிறது. எனினும் அது 1944 ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கே மீட்டமைக்கப்பட்டது. முன்தளம் நீட்டப்பட்ட அவ்வடிவத்தைப் பார்த்து ஹொலிஹொக்கை வரைந்துவிடாமல், அக்காலப் புகைப்படங்களுடன் ஒப்பிடுங்கள்.

மட்டக்களப்பின் கல்லடிப் பகுதி முதியோர் சொல்வதைக் குறிக்கும்போது, அவர்கள் கண்டதா கேட்டதா என்பதையும் எழுதி, அதன் பின்னரே கடற்படைப் பதிவுகளோடு பொருத்துங்கள்.