சுளுக்கிய கணுக்காலுக்கு ஓய்வு எத்தனை நாள்?

நீரோடி முதல் தூத்தூர் வரையுள்ள எங்கள் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில், மாலையானால் பந்து உருளாத மணற்பரப்பைக் காண்பது அரிது. கால் பிசகியவுடன் எண்ணெயிட்டு நீவி, இறுகக் கட்டி, மூன்று வாரம் கட்டிலில் கிடத்துவது இங்கே வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். கேரள எல்லை தாண்டிப் பொழியூரிலும் இதைக் கண்டிருக்கிறேன். அப்படிக் கிடந்த ஓர் இளைஞரின் கட்டைப் பிரித்தபோது நான் உடனிருந்தேன். வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் கெண்டைக்கால் சதை பார்த்தவுடன் தெரியுமளவு இளைத்திருந்தது, அந்தக் காலை மட்டும் ஊன்றி ஐந்து விநாடி நிற்க அவரால் இயலவில்லை. வலி போயிற்று என்று நம்பி அடுத்த ஞாயிறே ஆடச் சென்று, அதே காலை மீண்டும் பிசகிக்கொண்டார்.

முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கணுக்காலின் இருபுற எலும்பு முண்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பிலோ தொட்டு அழுத்தும்போது வலித்தாலும், நான்கு அடி நடக்க இயலாவிட்டாலும், பாதம் மரத்துப்போனாலும் தாமதியாமல் மருத்துவரிடம் சென்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

முறிவு இல்லையெனில் முதல் இரண்டு மூன்று நாள் காலைக் காக்க வேண்டும்: கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம், வலி மிகுந்தால் துணியில் பொதிந்த பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றலாம். இந்நாள்களில் சூடான எண்ணெயும் அழுத்தமான நீவலும் கூடவே கூடாது. உள்ளே கசியும் இரத்தத்தையும் வீக்கத்தையும் அவை பெருக்கும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என்னும் முறையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

அதன்பின் அசைவே மருந்து. புதிதாக உருவாகும் தசைநார் இழைகள், அளவான இழுவிசை கிடைத்தால்தான் அந்த விசையின் திசையில் ஒழுங்காகப் படிகின்றன. தொடை, கெண்டைக்கால் தசைக் காயங்களைப் பற்றி 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வில், இரண்டாம் நாள் பயிற்சி தொடங்கியவர்கள் ஒன்பதாம் நாள் தொடங்கியவர்களைவிடச் சுமார் மூன்று வாரம் முன்னதாகவே ஆட்டத்துக்குத் திரும்பினர்.

உட்கார்ந்தபடியே கால் பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள். நாளுக்கு மூன்று வேளை போதும். கால் தாங்கத் தொடங்கியதும் சமதளத்தில் நடக்கலாம். கடற்கரையில் நடக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். உலர்மணல் கணுக்காலைப் புரட்டும், அலை நனைத்த மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஆகவே முதல் வாரங்களுக்குக் கோயில் முற்றமோ சிமெண்டுத் தளமோதான் நல்லது. அடுத்து, வாசற்படியில் நின்று சுவரைப் பிடித்தபடி இரு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை எளிதானபின் அடிபட்ட காலால் மட்டும் செய்யுங்கள்.

தாங்கவே முடியாத வலியைப் பத்து என்று கொண்டால், பயிற்சியின்போது மூன்றளவு வரை வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால், முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். பயிற்சியை நிறுத்திவிடாமல் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். வலிமாத்திரை விழுங்கிவிட்டுப் பயிற்சி செய்தால் இந்த அளவுகோலே பயனற்றுப்போகும்.

நேராக ஓடி, வளைந்து ஓடி, அடிபட்ட காலால் மட்டும் தாவி, மற்றக் காலுக்கு நிகராக இருந்தால் மட்டுமே ஆட்டத்துக்குத் திரும்பலாம். திரும்பிய பிறகும் சில மாதங்கள், பல் துலக்கும் நேரத்தில் அந்தக் காலை மட்டும் ஊன்றி நிற்பதை விடாதீர்கள். மறுசுளுக்கைக் குறைப்பதில் இந்தச் சமநிலைப் பயிற்சிக்குப் பெரும்பங்கு உண்டு.