மீடியம் ஃபார்மட் கமராவுக்கு போர்ட்ரெய்ட் லென்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

ஃபிலிம் சுற்றுவது, வெளிச்சம் அளப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேரே லென்ஸுக்குப் போவோம்.

1. நெகட்டிவ் அளவு

மீடியம் ஃபார்மட் என்றால் 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய நெகட்டிவ். 645 (அதாவது 6×4.5), 6×6, 6×7 என்பவை செ.மீ.இல் அதன் அளவுகள். 35 மி.மீ. கமராவில் முகப்படத்துக்குப் போடும் 85 மி.மீ. லென்ஸ் காட்டும் பார்வை வேண்டுமென்றால் 645இல் சுமார் 140, 6×6இல் 150, 6×7இல் 180 மி.மீ. தேவை. கமராவோடு வந்த 80ஐ வைத்து முகத்தை நெருங்கினால் மூக்கு புடைத்துக்கொண்டு நிற்கும்.

2. எவ்வளவு கிட்டப் போகலாம்?

எல்லாரும் எஃப் எண்ணைத்தான், அதாவது லென்ஸின் துவாரம் (அப்பர்ச்சர்) எவ்வளவு விரியும் என்பதைத்தான் கேட்கிறார்கள். எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. நான் முதலில் பார்ப்பது லென்ஸ் வளையத்தில் உள்ள ஆகக் குறைந்த தூரத்தை. ஹசல்பிளாட் என்ற 6×6 கமராவின் 150 எஃப்/4 லென்ஸில் அது 1.4 மீற்றர். அங்கே நின்றால் தலையும் தோளும் விழும், முகம் மட்டும் நிரம்பாது. அதற்குக் கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்று வளையம் ஒன்றைப் போட வேண்டும்.

மறுபக்கம், பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) பின்னால் போக இடமில்லை. சுவரில் முதுகு முட்ட நின்றாலும் 150இல் இடுப்புக்கு மேல்தான் வரும். ஆளை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்காரவைத்து, நீங்கள் வாசலில் இறங்கி நில்லுங்கள். வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

மாமியா ஆர்பி67, சீ330 இரண்டிலும் லென்ஸை முன்னால் நீட்டும் துருத்தி இருப்பதால் டியூப் தேவைப்படாது. ஆனால் துருத்தி நீள நீள வெளிச்சம் குறையும், அதற்கேற்ப எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். ஆர்பி67ஐத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஏற்றம் ஏற எனக்கு மனமில்லை. என் விருப்பம் சீ330உம் 135 லென்ஸும். அதில் பார்க்கும் லென்ஸ் மேலே, படம் எடுக்கும் லென்ஸ் கீழே. கிட்டப் போகும்போது வியூஃபைண்டரில் உள்ள காட்டியைக் கவனிக்காவிட்டால் உச்சந்தலை வெட்டுப்படும்.

3. அப்பர்ச்சர்

150ஐ எஃப்/4இல் 1.4 மீற்றரில் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ.தான். கண் தெளிவாக இருக்கும், காது கலங்கிவிடும். எஃப்/8 வையுங்கள். நுவரெலியாப் பக்கத்து மூடுபனி முகத்துக்கு அருமையான வெளிச்சம், ஆனால் மங்கல். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், முக்காலி, கமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீஸ் மூன்றும் கையில் இருக்கட்டும்.

4. பழைய லென்ஸ் வாங்கும்போது

பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சணம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருந்தால் 1 செக்கனில் வைத்து அழுத்திக் காதில் கேளுங்கள், இழுத்துக்கொண்டு ஓடினால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. வாங்கியதை தோல் உறையோடு அலுமாரியில் பூட்டாதீர்கள். மலைநாட்டு ஈரத்துக்கு, காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான் சரி. அப்புறம், குளிரிலிருந்து அடுப்பு எரியும் குசினிக்குள் கமராவைத் திறந்தபடி கொண்டுபோனால் கண்ணாடி வேர்த்துவிடும். பையை மூடியே வைத்திருந்து சூடேறவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பென்டாக்ஸ் 67இன் 105 எஃப்/2.4 போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். 6×7இல் அது 35 மி.மீ. கமராவின் 50 மாதிரி. ஆளையும் பின்னாலுள்ள தேயிலை மலையையும் சேர்த்து எடுக்க நல்லது. முகம் மட்டும் என்றால் 165 எஃப்/2.8 பாருங்கள். அதன் ஆகக் குறைந்த தூரம் 1.6 மீற்றர், அதனால் டியூப்பையும் சேர்த்தே விலை பேசுங்கள்.