படைவழி வரைபடம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் கையால் வரைந்த படைவழிப் படங்களை நாட்டு வரைபடமாக எண்ணிப் படிப்பதுதான் முதல் தவறு. அவை ஒரு பாதையின் பதிவு மட்டுமே. 1780-84 மைசூர்ப் போரில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டின் படை நடந்த வழிகளை அளவையாளர் ஜான் பிரிங்கிள் அளந்தது, பெராம்புலேட்டர் என்ற அளவைச் சக்கரத்தை உருட்டித்தான். சக்கரத்தின் சுற்றளவு 22 அடி என்றால் 240 சுற்றுக்கு ஒரு மைல். பாதை திரும்பும் இடத்தில் திசைகாட்டியைப் பார்த்துக் கோணத்தைக் குறிப்பார்கள். அதனால் பாதையோரத்து ஏரிக்கரையையும் சத்திரத்தையும் பெரும்பாலும் நம்பலாம். தொலைவில் தெரியும் மலை வெறும் கண்மதிப்பு. வெற்றிடம் இருந்தால் அங்கே ஊரில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அளந்தவர் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

படத்தின் நான்கு மூலைகளை மட்டும் இன்றைய வரைபடத்தோடு பொருத்தி இழுத்தால் நடுவழி முழுக்க விலகிவிடும். மேடுபள்ளத்தில் சக்கரம் தூரத்தைக் கூட்டிக் காட்டும். பாலாற்று மணலில் சுழலாமல் சறுக்கினால் குறைத்துக் காட்டும். திருப்பத்துக்குத் திருப்பம் இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஒரு நாள் நடையை ஒரு துண்டாக வைத்துத் தனித்தனியே பொருத்துங்கள். அதற்குக் கோயில் கோபுரம், மலைக்கோட்டை, பழைய ஏரிக்கரையின் வளைவு ஆகியவை நல்ல புள்ளிகள். ஆற்றோரமும் சாலைச் சந்திப்பும் வேண்டாம், இடம் மாறியிருக்கும்.

எழுதியிருக்கும் விகிதத்தை விட்டுவிட்டு, வரைந்திருக்கும் அளவுகோலால் அளவுங்கள்; காகிதம் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும். பிரெஞ்சுப் படமானால் லீக் என்ற பழைய தூர அளவில் கவனம் தேவை: அட்சரேகையின் ஒரு பாகைக்கு 25 கொண்ட லீக் ஏறத்தாழ 4.4 கி.மீ., பாகைக்கு 20 கொண்ட கடல் லீக் 5.56 கி.மீ. தீர்க்கரேகையை இன்றுபோல் கிரீன்விச்சிலிருந்து எண்ணாமல் பாரிஸிலிருந்து எண்ணியிருந்தால் 2° 20′ கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் புதுச்சேரி, மேட்டூருக்கும் மேற்கே மலைக்காட்டில் போய் உட்காரும்.

ஊர்ப்பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். 'வாண்டிவாஷ்' வந்தவாசி, 'பெர்மாகாயில்' பெருமுக்கல், 'காரங்கூலி' கருங்குழி. 'பொல்லிலூர்' என்பது காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அதே ஊரில் இரண்டு போர்கள் நடந்தன: 1780 செப்டம்பர் 10-இல் பிரிட்டிஷ் அதிகாரி பெய்லியின் படை அழிந்தது, 1781 ஆகஸ்ட் 27-இல் கூட்டின் படை மைசூரின் ஐதர் அலியோடு மோதியது. தேதியில்லாத படத்தில் இது எந்தப் போர் என்பதை நிறத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. 'A', 'B' போன்ற குறியெழுத்துகளுக்கு விளக்கப் பட்டியல் தனித் தாளில் இருக்கக்கூடும். அது கிடைக்கும்வரை எந்தப் படைப்பிரிவையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டாதீர்கள்.

தலைப்பில் 1781 என்று இருந்தாலும் கையிலிருக்கும் தாள் பிந்தைய பிரதியாக இருக்கலாம். பிரிட்டிஷ் காகிதங்களில் நீர்க்குறியோடு (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் அடையாளம்) ஆண்டு வருவது 1794-ஐ ஒட்டித்தான் பரவலாயிற்று. நீர்க்குறியில் 1801 என்று தெரிந்தால், வரைந்தது அதற்கு முன்பல்ல. காப்பகத்தில் படம் கேட்கும்போது, தாளின் பின்னால் விளக்கு வைத்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள்.